எதிர்ப்புக்கு எதிர்க்கருத்து என்ன?

“அன்ரி, எதிர்ப்புக்கு எதிர்க்கருத்து சம்மதம்தானே?”

மேல்மாடி வீட்டுப் பிள்ளை கொப்பியோடு வாசலில் நின்றாள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் யாருக்குத் தமிழில் சந்தேகம் வந்தாலும் மூன்றாம் மாடிக்கு அனுப்பிவிடுவார்கள். சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவில் மொழிபெயர்த்துச் சீவிப்பவள் நான். அதனால் எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ‘சம்மதம்’ என்று குண்டுகுண்டாக எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்புப் பேனையால் ஒரு கோடு. பக்கத்தில் ‘ஆதரவு’.

“ரீச்சர் பிழை போட்டிட்டா. ஆனா நாடகத்தில அம்மா கலியாணத்துக்கு முதல்ல எதிர்ப்பு, பிறகு சம்மதம் எண்டுதானே வருது?”

பரீட்சையில் வந்தால் ‘ஆதரவு’ என்றே எழுது, புள்ளி கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன். கதவைச் சாத்திய பிறகுதான் உறுத்தியது. அவள் சொன்னதில் என்ன பிழை? நாடகத்து அம்மா கடைசியில் செய்வது சம்மதிப்பதுதான். ‘அம்மா கலியாணத்துக்கு ஆதரவு தெரிவித்தார்’ என்று எழுதினால் அம்மா ஏதோ அரசியல் கட்சி மாதிரி ஆகிவிடுவார். அன்று அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே விடையைச் சொல்லிவிடலாம். எதிர்ப்பு என்றால் ஒன்றை ஏற்காமல் அதற்கு மாறாக நிற்பது, அப்படி நிற்பதை வெளியே காட்டுவது. பொதுவாக அதற்கு எதிர்க்கருத்து ஆதரவு. எதிர்ப்பாளர் என்றால் மறுபக்கம் ஆதரவாளர். எதிராக என்றால் ஆதரவாக. பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் சம்மதம், ஒத்துழைப்பு, வரவேற்பு, பணிவு என்று நாலைந்து சொற்கள் அதே இடத்துக்கு வந்து நிற்கின்றன. எந்த இடத்தில் எது என்று தெரிய, ‘எதிர்’ என்ற அடிச்சொல்லிலிருந்து தொடங்கவேண்டும்.

எதிர் என்றால் முகத்துக்கு நேரே

‘எதிர்’ என்ற சொல்லில் சண்டை கிடையாது. முகத்துக்கு முன்னால் இருப்பது, அவ்வளவுதான். காலி வீதியில் பிழையான பக்கம் நின்றுகொண்டு புறக்கோட்டைக்கு எப்படிப் போவது என்று கேட்டால், “எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கோ, 100ஆம் நம்பர் பஸ் வரும்” என்பார்கள். அந்தப் பக்கத்தோடு யாருக்கும் பகை இல்லை. எதிர்வீடு, எதிர்க்கடை, எதிரே வந்த ஓட்டோ எல்லாம் இப்படித்தான்.

எதிர்காலத்தைப் பாருங்கள். நம்மை நோக்கி நேரே வந்துகொண்டிருக்கும் காலம் என்பதால்தான் அந்தப் பெயர். நன்னூல் மூன்று காலங்களையும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்கிறது. ‘எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்’ என்ற 429ஆம் குறளில், ‘எதிரதா’ என்றால் வரப்போவதை முன்கூட்டியே அறிந்து என்று பொருள்.

எதிர்வு, எதிர்ப்பு. ஒரே அடியில் பிறந்த இரண்டு பெயர்கள். ஒன்று ‘எதிர்ந்தது’ என்ற மெல்லிய வினையிலிருந்து வந்தது. முன்னால் வந்தது, நேர்ப்பட்டது என்ற பொருள். மற்றது ‘எதிர்த்தது’ என்ற வலிய வினையிலிருந்து வந்தது. இந்த வித்தியாசம் புதிதாகத் தோன்றினால் தீர்வு, தீர்ப்பு என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரச்சினை தீர்ந்தால் தீர்வு. நீதிபதி அதைத் தீர்த்தால் தீர்ப்பு. தானாக நடப்பதற்கு ‘வு’, ஒருவர் முனைந்து செய்வதற்கு ‘ப்பு’. எல்லா வினைக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எதிர்ப்பு என்பது ஒருவர் முனைந்து செய்வது என்பதை மறக்காமல் இருக்க இது உதவும்.

அதே ‘எதிர்’ வரவேற்பாகவும் ஆகும். கலியாண மண்டப வாசலில் மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைப்பார்கள். பெண்ணின் தம்பி தோழனாக நின்று கால் கழுவிவிட, மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். எதிர்கொள்ளுதல் என்றால் வருகிறவரை முன்னால் போய்ச் சந்திப்பது. பத்திரிகைகளில் இப்போது நெருக்கடியை எதிர்கொள்கிறார்கள், சவாலை எதிர்கொள்கிறார்கள். அதனால் அந்தச் சொல்லே ஏதோ கஷ்டத்தைச் சொல்வதுபோல ஆகிவிட்டது. மண்டப வாசலில் மட்டும் அதன் பழைய முகம் மிச்சமிருக்கிறது.

இங்கே எழுத்தில் ஒரு சின்னக் குறிப்பு. எதிர்காலம், எதிர்கொள், எதிர்பார் ஆகியவற்றில் வல்லின மெய் மிகாது. எதிர்க்கட்சி, எதிர்க்கடை, எதிர்ப்பக்கம் ஆகியவற்றில் மிகும். எதிர்காலம் வினைத்தொகை, ‘எதிர்கின்ற காலம்’ என்று விரியும். அதனால் ‘க்’ வராது. வந்துகொண்டிருக்கிற எதிருக்கு ‘க்’ இல்லை, அங்கேயே நிற்கிற எதிருக்கு ‘க்’ உண்டு என்று நான் நினைவில் வைத்திருக்கிறேன். இலக்கண ஆசிரியர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் இன்றுவரை என்னைக் கைவிட்டதில்லை.

எதிரே இருப்பவர் எதிராளிதானா

கரம் பலகையில் காய் சுண்டி விளையாடியிருப்பீர்கள். நாலு பேர் சோடி சேர்ந்து ஆடும்போது உங்கள் சோடி எங்கே இருப்பார்? உங்களுக்கு நேரெதிரே. எதிராளிகள் இருவரும் உங்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும், முழங்கை உரசும் தூரத்தில் இருப்பார்கள். எதிரே இருப்பவர் கூட்டாளி, பக்கத்தில் இருப்பவர் எதிராளி! எதிர் என்ற இடமும் எதிர்ப்பு என்ற செயலும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சுலபமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பாராளுமன்றத்திலும் அதே கதை. சபாநாயகரின் வலப்புறம் ஆளுந்தரப்பு, இடப்புறம் எதிர்க்கட்சி. இரண்டும் முகத்துக்கு முகம். எதிரே இருக்கும் கட்சி என்பதால் எதிர்க்கட்சி. 1977இல் அ. அமிர்தலிங்கமும், 2015இல் இரா. சம்பந்தனும் இலங்கைப் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்கள். சம்பந்தன் அந்தக் கதிரையில் இருந்த காலத்தில் அவருடைய தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்ததும் உண்டு. இது என்ன எதிர்க்கட்சி என்று அப்போது பலர் கேட்டார்கள். அரசியலை விடுவோம். இருக்கை எதிரே, வாக்கு ஆதரவாக. மொழியின்படி பார்த்தால் இரண்டும் ஒன்றாக இருப்பதில் ஒரு முரணும் இல்லை.

‘எதிரி’ என்ற சொல்லுக்கும் எங்கள் நாட்டில் ஒரு தனி வாழ்க்கை உண்டு. புதுக்கடை நீதிமன்றச் செய்திகளில் ‘எதிரி நிரபராதி என விடுதலை செய்யப்பட்டார்’, ‘எதிரி தரப்புச் சட்டத்தரணி’ என்று வரும். குற்றம் சாட்டப்பட்டு மன்றில் நிற்பவர்தான் இங்கே எதிரி. தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் இந்த வரியைப் பேப்பரில் படித்துவிட்டு, “யாருக்கு எதிரி?” என்று கேட்டார். யாருக்கும் இல்லை. வழக்கில் மறுபக்கம் நிற்கிறார், அவ்வளவுதான்.

விரோதமும் ஆதரவும்: நான் பட்ட பாடு

எதிர்ப்புக்கு அக்கம்பக்கத்தில் வேறு சில சொற்கள் இருக்கின்றன. மறுப்பு, ஆட்சேபனை, கண்டனம், போராட்டம், விரோதம், பகை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் என்ன நடக்கும் என்பதை நான் காசு வாங்கிக்கொண்டே கற்றுக்கொண்டேன்.

தொழிலுக்கு வந்த புதிது. ஒரு குடியிருப்பாளர் சங்கம், தங்கள் ஒழுங்கையில் குப்பை சேர்க்கும் இடம் அமைக்கப்போவதை எதிர்த்து ஒரு அறிவித்தல் எழுதியிருந்தது. சிங்களத்தில் ‘விரோதய’ என்று இருந்தது. நானும் யோசிக்காமல், ‘எமது கடும் விரோதத்தை இத்தால் தெரிவித்துக்கொள்கின்றோம்’ என்று தமிழாக்கிக் கொடுத்தேன். அது மும்மொழியிலும் அச்சாகி ஒழுங்கை முனையில் தொங்கியது. மூன்றாம் நாள் ஒரு வயதான ஐயா தொலைபேசியில் என்னைப் பிடித்தார். “பிள்ளை, ஆரோடை பகை?”

சமஸ்கிருதத்திலிருந்து இரண்டு மொழிக்கும் வந்த ஒரே சொல்தான். ஆனால் சிங்களத்தில் ‘விரோதய’ என்றால் எதிர்ப்பு. பதாகை பிடித்து நிற்பது, மனுக் கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். தமிழில் விரோதம் என்றால் பகை. பரம்பரை பரம்பரையாக வேலிச் சண்டை பிடிக்கிற குடும்பங்களுக்கு நடுவில் இருப்பது. விரோதி என்றால் சத்துருவுக்கு அடுத்த வீடு. குப்பைக்கு எதிர்ப்புத் தெரிவிக்கப் போய், நான் ஊரையே பகைத்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், மறுபக்கத்துச் சொல்லிலும் இதே விளையாட்டு நடக்கிறது. எங்கள் ‘ஆதரவு’, சிங்களத்து ‘ஆதரய’ இரண்டும் ‘ஆதர’ என்ற ஒரே சமஸ்கிருதச் சொல்லின் பிள்ளைகள். அந்தச் சொல்லுக்கு மதிப்பு, அக்கறை என்று பொருள். தமிழில் அது துணைநிற்றலாக வளர்ந்தது. சிங்களத்தில் அன்பாக, காதலாக வளர்ந்தது. ‘மம ஒயாட்ட ஆதரெய்’ என்று காலிமுகத்திடலில் குடைக்குள் இருக்கும் சோடி சொல்லிக்கொண்டால், தேர்தலில் ஆதரவு தருகிறேன் என்று அர்த்தமில்லை. சிங்களத்தில் கட்சிக்குக் கொடுக்கிற ஆதரவு ‘சஹாய’, ‘சஹயோகய’. ஆக, எதிர்ப்பு–ஆதரவு என்ற சோடியை ஓசையை மட்டும் பார்த்து சிங்களத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் பகைக்கும் காதலுக்கும் நடுவில் போய் விழுவோம். கொழும்பில் இரண்டு மொழியிலும் கதைக்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் குழியில் கால் வைத்திருப்பார்கள்.

தமிழுக்குள்ளேயே ஆதரவு கொஞ்சம் அகலமான சொல். ‘ஆதரவற்ற பிள்ளைகள்’ என்றால் அந்தப் பிள்ளைகளை யாரும் எதிர்க்கிறார்கள் என்று பொருளில்லை, அரவணைக்க ஆளில்லை. இங்கே ஆதரவுக்கு எதிர்க்கருத்து எதிர்ப்பு ஆகாது, ஆதரவின்மைதான். எதிர்ப்புக்கு எதிர்க்கருத்து ஆதரவு, சரி. ஆதரவுக்கு எதிர்க்கருத்து எப்போதும் எதிர்ப்பு என்று திருப்பிச் சொல்ல முடியாது. பாடப்புத்தகப் பட்டியலில் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமும் சொற்களை நிறுத்தும்போது இந்த விஷயம் மறைந்துவிடுகிறது.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கேட்டதற்கு முடியாது என்பது மறுப்பு. நடைமுறையில் பிழை இருக்கிறது என்று எழும்பிச் சொல்வது ஆட்சேபனை. பிணை வழங்கப் பொலிஸார் ஆட்சேபனை தெரிவிப்பார்கள். நடந்து முடிந்ததைக் குற்றம் என்று சொல்வது கண்டனம். எதிர்ப்பு பெரும்பாலும் நடக்கப்போவதை அல்லது நடந்துகொண்டிருப்பதைத் தடுக்கப் பார்க்கும். கண்டனத்துக்கு அந்த நம்பிக்கைகூட வேண்டியதில்லை. பகைக்கு மறுபக்கம் நட்பு. அங்கே ஆள் முக்கியம். எதிர்ப்பில் ஆளைவிட விஷயம் முக்கியம்; அண்ணனுடைய யோசனையை எதிர்த்துவிட்டு அதே அண்ணனோடு இருந்து சாப்பிடலாம்.

போராட்டம் என்ற சொல்லுக்குள் ‘போர்’ இருக்கிறது. எதிர்ப்பு நாள் கணக்கில் நீண்டு, ஆட்கள் இடம்பிடித்து உட்கார்ந்தால் அது போராட்டம். இரண்டையும் கண்ட இடம் காலிமுகத்திடல். தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராக 1956 ஜூன் 5ஆம் திகதி தமிழரசுக் கட்சியினர் சா. ஜே. வே. செல்வநாயகத்தின் தலைமையில் அங்கே சத்தியாக்கிரகம் இருந்தார்கள், அடிவாங்கினார்கள். 2022 ஏப்ரலில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகவேண்டும் என்று கேட்டவர்கள் அதே கடற்கரையில் கூடாரம் போட்டு ‘கோட்டா கோ கம’ என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்து ‘அரகலய’ என்ற சொல்லைத் தமிழ்ப் பத்திரிகைகள் அப்படியே எடுத்து எழுதின, போராட்டம் என்றும் எழுதின. சத்தியாக்கிரகம் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். சத்தியம், ஆக்கிரகம், உண்மையை விடாப்பிடியாகப் பற்றுதல். உலகம் அறிந்த எதிர்ப்பு முறை ஒன்றின் பெயரில் ‘எதிர்’ என்ற பொருளே இல்லை.

சரி, எதிர்க்கருத்து எது?

நான் பார்த்தவரை ஒரு கேள்வி கேட்டால் போதும். எதிர்ப்பவர் எங்கே நிற்கிறார்?

அவர் மேலே நிற்கலாம். நாடகத்து அம்மா அப்படித்தான். கலியாணம் நடக்க அவருடைய அனுமதி வேண்டும். அந்த எதிர்ப்பு இளகினால் வருவது சம்மதம். வீட்டுக்காரர், மேலதிகாரி, தகப்பன் எல்லாருக்கும் இதே சொல். பிள்ளை எழுதிய விடை இந்த இடத்துக்கு முழுச் சரி.

பலரில் ஒருவராக, சம நிலையில் நிற்கலாம். வாக்களிக்கிறார், கையெழுத்துப் போடுகிறார், ஊர்வலம் போகிறார். இங்கே மறுபக்கம் ஆதரவு. ‘பொதுமக்கள் திட்டத்துக்குச் சம்மதம் தெரிவித்தனர்’ என்றால் பொதுமக்களிடம் யாரோ அனுமதி கேட்டிருக்கவேண்டும். அது அடிக்கடி நடப்பதில்லை.

கீழே நிற்பவரும் எதிர்ப்பார். மேலிடத்து உத்தரவை எதிர்த்தவர் பிறகு செய்வது பணிதல், அடங்குதல். ‘எதிர்த்துக் கதைக்கிறான்’ என்று பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது தகப்பன் எதிர்பார்ப்பது அவனுடைய ஆதரவை இல்லை. சும்மா கேட்டுக்கொண்டு இருந்தால் போதும் அவருக்கு.

கூடவே வேலை செய்கிறவரின் எதிர்ப்புக்கு மறுபக்கம் ஒத்துழைப்பு. வந்த செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கிறவருடைய எதிர்ப்புக்கு மறுபக்கம் வரவேற்பு. ‘புதிய கட்டணத்துக்கு ஒரு சாரார் வரவேற்பு, மறுசாரார் எதிர்ப்பு’ என்று தலைப்பு வரும். இரண்டு பேரையும் வாசலில் நிற்க வைத்தால் ஒரே இடத்தில், வருகிறதற்கு நேர் எதிரேதான் நிற்பார்கள். கையில் இருப்பது மட்டும் வேறு: ஒருவரிடம் மாலை, மற்றவரிடம் பதாகை.

உடம்புக்குள் வேறு கணக்கு. நோய் எதிர்ப்புச் சக்தியின் மறுபக்கம் நோய் ஆதரவுச் சக்தி என்று சொன்னால் சிரிப்பார்கள். ‘உடம்பு நோய்க்கு இடங்கொடுத்துவிட்டது’ என்று வீட்டில் சொல்வதுதான் சரியான மறுபக்கம். எங்கள் உயர்தர விஞ்ஞானப் புத்தகங்களில் இந்தச் சக்திக்கு ‘நிர்ப்பீடனம்’ என்று ஒரு கரடுமுரடான பெயர். இரத்தத்தில் நமக்காக வேலை செய்கிற ‘பிறபொருளெதிரி’யும் அங்கேதான் வரும். எதிரி என்ற பெயரோடு நம் பக்கம் நிற்கிற ஆள்.

மின்சாரத்துக்கு வந்தால், அது ஓடுவதை எதிர்க்கும் தன்மைக்கு எங்கள் புத்தகங்களில் ‘தடை’ என்று பெயர். அளக்கும் அலகு ஓம். யாழ்ப்பாணத்து வாயில் ஓம் என்றால் ஆம். எதிர்ப்பை அளக்கிற கோலுக்கே சம்மதம் என்று பெயர் வந்தது ஒரு ஜெர்மன் விஞ்ஞானியின் குடும்பப் பெயரால் நேர்ந்த தற்செயல். ஆனாலும் பௌதிகவியல் வகுப்பில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வெளியே நிறுத்தினார்கள். தடைக்கு மறுபக்கம், மின்னைக் கடத்தும் அளவு. அதற்கு இப்போது சீமென்ஸ் என்ற அலகு, 1971இல் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன் ஓம் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பி ‘மோ’ என்று எழுதி வந்தார்கள். எதிர்க்கருத்து கண்டுபிடிக்க அதைவிட இலகுவான வழி ஒன்று இருக்குமா!

எதிர்ப்பு இல்லையென்றால் ஆதரவா

இது தனியாகச் சொல்லவேண்டிய விஷயம், ஏனென்றால் என் தொடர்மாடியிலேயே நடந்தது. முகாமைத்துவக் குழு கூட்டத்தில் லிப்ட் பராமரிப்புக் கட்டணத்தைக் கூட்டுவது பற்றிப் பேச்சு வந்தது. “எதிர்ப்பு இருந்தால் கையை உயர்த்துங்கோ” என்றார் தலைவர். ஒருவரும் உயர்த்தவில்லை. பாதிப் பேர் தேத்தண்ணி வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். கூட்ட அறிக்கை மொழிபெயர்க்க என்னிடம் வந்தபோது, ‘அனைவரும் ஏகமனதாக ஆதரவு வழங்கினர்’ என்று இருந்தது.

எதிர்க்கருத்துச் சொற்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் நடுவில் ஒன்றும் இருக்காது. மின்குமிழ் எரியும், இல்லாவிட்டால் அணைந்திருக்கும். இன்னொரு வகையில் நடுவில் பெரிய வெளி இருக்கும். இனிப்புக்கு எதிர்க்கருத்து கசப்பு, ஆனால் பச்சைத் தண்ணீர் இனிக்கவும் இல்லை, கசக்கவும் இல்லை. எதிர்ப்பும் ஆதரவும் இந்த இரண்டாவது வகை. நடுவில் நடுநிலை இருக்கிறது, தயக்கம் இருக்கிறது, அக்கறையின்மை இருக்கிறது, தேத்தண்ணி இருக்கிறது. பாராளுமன்ற வாக்கெடுப்புச் செய்திகளில் ஆதரவாக இத்தனை, எதிராக இத்தனை என்று எழுதிவிட்டு, வாக்களிப்பில் கலந்துகொள்ளாதவர்களைத் தனியாகச் சொல்வது இதனால்தான்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று சொல்வார்கள். மேலே நிற்கிற அம்மாவுக்கு அது பொருந்தலாம். அவர் பேசாமல் இருந்தால் கலியாணம் நடந்துவிடும். சம நிலையில் நிற்கிறவர்களின் மௌனத்தை ஆதரவு என்று எழுதுவது பிழை. நான் அந்த வரியை ‘எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை’ என்று மாற்றிக் கொடுத்தேன். கட்டணம் கூடினது கூடினதுதான், ஆனால் அறிக்கையிலாவது உண்மை இருக்கட்டும்.

எழுதும்போது

எதிர்த்தல் என்ற வினைக்கு ‘ஐ’ வேண்டும்: திட்டத்தை எதிர்த்தனர். எதிர்ப்பு என்ற பெயருக்கும் ‘எதிராக’ என்பதற்கும் ‘கு’ வேண்டும்: திட்டத்துக்கு எதிர்ப்பு, திட்டத்துக்கு எதிராக. ‘திட்டத்தை எதிராக’ என்று சில அறிவித்தல்களில் கண்டிருக்கிறேன். அவசரத்தில் இரண்டும் கலந்த கூழ். எதிர்ப்பு கிளம்பும், வலுக்கும், தணியும். எதிர்ப்பைத் தெரிவிப்பார்கள், காட்டுவார்கள், மீறுவார்கள். ஆதரவைத் திரட்டுவார்கள், நாடுவார்கள், வழங்குவார்கள், விலக்கிக்கொள்வார்கள். எதிர்ப்பை யாரும் திரட்டிக் கேள்விப்பட்டதில்லை. அது கிளம்பிவிடும்.

இன்னொன்று, எனக்குப் பிடித்தது. ‘எதிர்ப்புத் தெரிவித்தனர்’ என்று எழுதும்போது நடுவில் ஒரு ‘த்’ வருகிறது. ‘ஆதரவு தெரிவித்தனர்’ என்பதில் வராது. எதிர்ப்பு வன்தொடர்க் குற்றியலுகரம். ‘ப்’ என்ற வல்லின மெய்யைத் தொடர்ந்து ‘பு’வில் முடிவதால் அடுத்து வரும் வல்லினத்தை இரட்டிக்கச் செய்யும். எதிர்ப்புக் குரல், எதிர்ப்புச் சக்தி எல்லாம் அப்படி. ஆதரவு ‘வு’ என்று முடிகிறது. அது பக்கத்துச் சொல்லை ஒன்றும் செய்யாது, போகவிடும். ஒரு சொல் அடுத்த சொல்லின்மேல் மோதுகிறது, மற்றது வழிவிடுகிறது. இலக்கணம் இதைப் பொருளைப் பார்த்துச் செய்யவில்லைத்தான். வெறும் ஓசை விதி. ஆனாலும் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

இலக்கணத்திலேயே எதிர்மறை என்று ஒன்று உண்டே, அதற்கு என்ன எதிர்க்கருத்து என்று கேட்பவர்களுக்கு: உடன்பாடு. ‘வருவேன்’ உடன்பாட்டு வினை, ‘வரேன்’ எதிர்மறை வினை. விடை சொல்லும் முறைகளை எட்டாகப் பிரிக்கும்போது நன்னூல் ‘செய்வேன்’ என்பதை நேர் என்றும், ‘செய்யேன்’ என்பதை மறை என்றும் சொல்கிறது. எங்கள் கணிதப் புத்தகங்களில் பூச்சியத்துக்கு வலப்பக்கம் நேர் எண்களும் இடப்பக்கம் மறை எண்களும் இருப்பது அதே சோடிதான். எட்டாம் வகுப்பில் மறை எண்களோடு மல்லுக்கட்டிய காலத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் கணக்கு வந்திருக்காது, ஆனால் கொஞ்சம் பிடித்திருக்கும்.

போன சனிக்கிழமை பிள்ளையைப் படிக்கட்டில் கண்டேன். லிப்ட் வேலை செய்யவில்லை, கட்டணம் கூட்டிய பிறகும். இருவரும் மூச்சு வாங்க ஏறிக்கொண்டே, அம்மாவின் எதிர்ப்புக்குச் சம்மதமும் ஊராரின் எதிர்ப்புக்கு ஆதரவும் ஏன் என்று இரண்டாம் மாடிவரை சொல்லிக்கொண்டு போனேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “அப்ப வெறும் எதிருக்கு என்ன அன்ரி எதிர்க்கருத்து?” என்றாள்.

முன்னுக்கு எதிர்க்கருத்து பின். எதிரில் என்றால் பின்னால் என்று சொல்லலாமா, அதுவும் முழுதாகப் பொருந்தாதே என்று நான் அடுத்த படியில் நின்று யோசித்துக்கொண்டிருக்க, அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

“புதிர்! அம்மம்மா சொல்லுறவ, மாமாவும் சித்தப்பாவும் எப்பவும் எதிரும் புதிரும் எண்டு.”

பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அதற்குள் நாலாம் மாடிக்கு ஏறிவிட்டாள்.